பெருவழியும் கற்பள்ளியும்

ஜோலார்பேட்டை என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நள்ளிரவுதான் நினைவுக்கு வரும். பாதித் தூக்கத்தில் வண்டி நிற்கும், தேநீர் விற்போரின் குரல் ஜன்னல் வழியே வந்து காதில் விழும், யாரோ ஒருவர், "இது எந்த ஊர்?" என்று கேட்பார், மற்றொருவர் கண்ணைத் திறவாமலே, "ஜோலார்பேட்டை" என்று விடை சொல்லுவார். வண்டி மீண்டும் புறப்படும். மேற்கே போகும் வண்டி குப்பம், பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரை நோக்கி மலை ஏறும். தென்மேற்கே போகும் வண்டி திருப்பத்தூர், மொரப்பூர் வழியாகச் சேலத்தை நோக்கி ஓடும். பயணிகளுள் மிகப் பெரும்பாலோர் இந்த ஊரைக் கடந்தவர்களே அன்றிக் கண்டவர்கள் அல்லர்.

நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கடந்துகொண்டிருந்தேன். ஒருமுறை பெங்களூர் வண்டி வந்து சேர மூன்று மணி நேரம் தாமதம் ஆயிற்று. பொழுது விடிந்தது. எதிரே ஏலகிரி மலை நீல நிறத்தில் எழுந்து நின்றது. என்னுடன் வந்த என் தமக்கையின் மகன் கல்லூரி மாணவன். அவன் கேட்டான்: "மாமா, இருப்புப்பாதை இங்கே வந்து ஏன் இரண்டாகப் பிரிய வேண்டும்? வேறு ஊர் கிடைக்கவில்லையா?"

மிக எளிய கேள்வி. ஆயினும் எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிச் சென்ற பயணத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அப்பாதை மேற்கே நீண்டு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையை அடைந்து, பின்னர்ச் சேலம் வழியாக மேலைக் கடற்கரையை 1862இல் எட்டியது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை 1864இல் திறக்கப்பட்டது. இந்த வழியை ஆங்கிலப் பொறியாளர் புதிதாகக் கண்டுபிடித்தனர் என்று கருதுதல் பிழையாகும். நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். தெற்கே சவ்வாது மலை, மேற்கே ஏலகிரி, வடக்கே மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு, இவற்றுக்கு இடையே பாலாறு கிழக்கு நோக்கி ஒரு நீண்ட பள்ளத்தாக்கை அகழ்ந்து வைத்திருக்கிறது. கடற்கரைச் சமவெளியிலிருந்து பீடபூமிக்கு ஏற விரும்புவோருக்கு அந்தப் பள்ளத்தாக்கே இயற்கை இட்ட வாயில். நீராவி வண்டி அந்த வாயிலில் நுழைவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே பொதிமாடும் கழுதையும் உப்பு வண்டியும் அதில் நுழைந்துவிட்டன. இரும்பு, எருதின் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் சென்றது என்பதே உண்மை.

பழந்தமிழில் வணிகக் கூட்டத்துக்குச் 'சாத்து' என்று பெயர். தனி வணிகன் ஒருவன் காட்டையும் மலையையும் கடப்பது அரிது. ஆதலின் பலர் ஒன்றுகூடிச் சென்றனர். அக்கூட்டமே சாத்து. கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான் என்பதை நீங்கள் சிலப்பதிகாரத்தில் படித்திருப்பீர்கள். பெருஞ்சாத்தின் தலைவன் என்னும் பொருள் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

சாத்துகளுள் மிகப் பழமையானது உப்பு வணிகருடைய கூட்டம். அவர்களை உமணர் என்பர். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மனைவி மக்களோடும் கோழிக்கூட்டோடும் உள்நாட்டை நோக்கி அவர்கள் சென்ற காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகக் காட்டுகிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் செல்லும் பெருவழியையும், சுங்கம் கொள்ளும் இடத்தில் வில்லேந்திய வீரர் காவல் நிற்பதையும் அதே நூல் சொல்கிறது. தகடூரை ஆண்ட அதியமானின் மகனைப் பாடிய ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிக்கொள்ளும் சேம அச்சினை அவனுக்கு உவமையாக்கினார். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஜோலார்பேட்டையிலிருந்து மொரப்பூர் வழியே எளிதில் அடையக்கூடிய ஊர். மேடும் பள்ளமும் நிறைந்த அந்த வழியில் அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்த மக்கள் நடுவில்தான் அந்த உவமை பிறந்திருக்க வேண்டும். ஏலகிரி மலைக்கு ஏறும் இன்றைய சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள் இடப்பட்டிருக்கின்றன. அதியமானுக்கும் அங்கே ஒரு வளைவு உண்டு. பொருத்தமான நினைவுச் சின்னமே!

அதியமான் பெயரைச் சொன்னவுடன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தருமபுரி வட்டாரத்தில் 'அதியமான் பெருவழி' என்று பொறித்த மைல்கற்கள் கிடைத்துள்ளன. அவை சங்க காலத்தவை அல்ல. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. ஒரு கல், நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று சொல்கிறது. மற்றொன்று 27 காதம் என்கிறது. தாவளம் என்றால் வணிகர் தங்கும் இடம். இதில் என்னை வியக்க வைத்தது எழுத்தன்று. எழுத்தோடு கல்லில் குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி ஒவ்வொன்றும் பத்து. சிறிய குழி ஒவ்வொன்றும் ஒன்று. இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் இருந்தால் 29 காதம்.

இந்தக் குழிகள் யாருக்காக? எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்து உண்டு. எழுத்தறியாத வண்டிக்காரனுக்கு, மொழி தெரியாத அயல்நாட்டானுக்கு, இருளில் வந்து கல்லைக் கையால் தடவிப் பார்க்கும் வழிப்போக்கனுக்கு இந்தக் குழிகள். பெருவழி எல்லாருக்கும் பொது என்ற எண்ணத்தை இதைவிட எளிமையாகக் கல்லில் எழுத முடியுமா? கோயம்புத்தூர் அருகே பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் வழியில் 'இராசகேசரிப் பெருவழி' என்ற கல்வெட்டும் உள்ளது. அதில் தமிழ் எழுத்தும் வட்டெழுத்தும் ஆகிய இரண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. இரு நாட்டு எல்லையில் இரு எழுத்தாரும் படிக்கட்டும் என்னும் கருத்தே அங்கும் விளங்குகிறது.

ஆனால் பெருவழி என்றாலே அமைதியான வழி என்று நினைத்துவிடக் கூடாது. ஆம்பூரில் இரண்டு நடுகற்கள் கிடைத்துள்ளன. அவை பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தவை; அதாவது 9ஆம் நூற்றாண்டின் இறுதி. நுளம்பனுடைய படை ஆநிரை கவர வந்தபோது எதிர்த்துப் போரிட்டு மாண்ட வீரருக்காக அவை நடப்பட்டன. ஆமையூர் என்பதே அன்று ஊரின் பெயர். தெற்கே செங்கம் பகுதியில் இத்தகைய நடுகற்கள் நிறைய உள்ளன. தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறை அவற்றை ஆராய்ந்து 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாகவே வெளியிட்டது. நடுகற்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் நிலம், படைகளும் கள்வர்களும் மந்தைகளும் வணிகரும் ஓயாமல் வந்துபோன நிலம் என்பதை நாம் உய்த்துணரலாம். வணிகரும் வாளாவிருக்கவில்லை. ஐந்நூற்றுவர், நானாதேசிகள் என்னும் வணிகக் குழுவினர் தமக்கென வீரர்களை வைத்திருந்தனர். சென்னைக்கு அருகே உள்ள காட்டூரைப் போன்ற சில ஊர்களை 'வீரபட்டினம்', 'எறிவீரபட்டினம்' என்று அறிவித்துத் தமக்குக் காவல் செய்த வீரர்களைச் சிறப்பித்தனர்.

பிற்காலத்திலும் இந்தக் கணவாய்களின் பெயர் போர் வரலாற்றில் அடிக்கடி வரும். 1749இல் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் உயிர் நீத்தார். 1780இல் ஹைதர் அலியின் பெரும் படை செங்கம் கணவாய் வழியாகக் கீழே இறங்கியது. 1791ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் காரன்வாலிஸ் பிரபு, ஆம்பூர் வழியாக மேலேறப் போவதாகப் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பிச் சித்தூரை அடுத்த மொகிலிக் கணவாய் வழியாகப் பீடபூமியில் ஏறிவிட்டார். ஆம்பூர்க் கணவாயே இயல்பான வழி என்று எல்லாரும் எண்ணியதால்தான் அந்தப் போக்குக் காட்டல் பலித்தது. அந்தப் படைகளுக்கு எருதுப் பொதிகளில் தானியம் கொண்டுவந்து கொடுத்தோர் வணசாரர் எனப்படும் லம்பாடி மக்கள். அவர்கள்தாம் இந்நாட்டின் கடைசிப் பெருஞ்சாத்தினர் எனலாம். இருப்புப்பாதை வந்தது; பொதிமாடுகளின் மணியோசை மெல்ல அடங்கியது.

இதுகாறும் வழியைப் பற்றிச் சொன்னேன். இனி, வழியில் நடந்தோரும் வழியோரத்தில் வாழ்ந்தோரும் தங்கிய இடங்களைக் காண்போம்.

திருப்பத்தூர் வட்டாரத்தில் பையம்பள்ளி என்றொரு சிற்றூர் உண்டு. 1960களில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அங்கே அகழ்ந்து பார்த்தனர். புதிய கற்கால மக்கள் தரையில் குழி தோண்டி, அதைச் சுற்றிக் கம்பம் நட்டுக் கூரை வேய்ந்து வாழ்ந்த தடயம் கிடைத்தது. கொள்ளும் பச்சைப்பயறும் அங்கே கிடைத்தன. இன்றும் அந்தச் சுற்றுவட்டாரத்துக் கொல்லைகளில் கொள்ளு விளைகிறது. மூவாயிரம் ஆண்டு மாறாத சமையல் என்று என் மருமகன் நகைத்தான்.

சவ்வாது மலைமேல் சென்றால், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்த சிறு அறைகளைக் காணலாம். மக்கள் இவற்றைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் சொல்வார்கள். குள்ளமான மனிதர் ஒரு காலத்தில் இவற்றில் குடியிருந்தனர் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆராய்ச்சியாளர் கூறுவது வேறு. இவை பெருங்கற்கால மக்கள் இறந்தோர்க்கு எடுத்த கற்திட்டைகள். வாழ்ந்தோர் வீடல்ல, மாண்டோர் வீடு. மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஊரார் சொல்லும் பெயரை மதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயரையே சான்றாகக் கொண்டுவிடாதீர்கள்.

அடுத்து, மனிதர் உண்மையாகவே தங்கிய பாறைகள். ஆர்க்காட்டுக்கு அருகே பஞ்சபாண்டவர் மலை என்ற சிறு குன்று இருக்கிறது. பழம்பெயர் திருப்பான்மலை. அதன் கிழக்குப் புறத்தில் தூண் வரிசையோடு பாறையைக் குடைந்து ஏழு அறைகள் செய்திருக்கிறார்கள். ஏழும் வெறுமையாக நிற்கின்றன. பாண்டவர் வந்து தங்கினர் என்று ஊரார் கூறுவர். ஆனால் தெற்குப் புறத்தில் உள்ள இயற்கைக் குகைக்குச் சென்றால் உண்மை விளங்கும். அங்கே ஒரு சுனை; அதன் மேலே பாறையில் பொன்னியக்கியின் உருவம்; பக்கத்தில் கல்வெட்டு. நந்திப்போத்தரசரின் ஐம்பதாம் ஆண்டில் நாரணன் என்பவன் நாகநந்தி என்னும் குரவரோடு பொன்னியக்கியின் படிமத்தை அமைத்தான் என்று அது கூறுகிறது. இது சமணத் துறவியர் வாழ்ந்த பள்ளி.

அதே குன்றில் முதலாம் இராசராசனின் எட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. அதாவது ஏறத்தாழ 993ஆம் ஆண்டு. இப்பகுதியை ஆண்ட இலாடராயர் வீரசோழர் தம் தேவி இலாட மகாதேவியோடு இங்கே வழிபட வந்தார். பள்ளிக்கு உரிய ஊரிலிருந்து 'கர்ப்பூர விலை' என்ற வரியை அரசின் சார்பில் வாங்கி வந்ததனால் பள்ளியின் அறம் குன்றுகிறது என்பது தெரிந்தது. தேவி அதை விட்டுவிடுமாறு வேண்டினாள், அரசர் விட்டுக்கொடுத்தார். எவ்வளவு சிறிய செய்தி! ஆயினும் கர்ப்பூரம் இந்நாட்டில் விளையும் பொருளன்று. கடல் கடந்து, கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறங்கிய பொருள். அதன் பெயரைத் தாங்கிய ஒரு வரி ஆர்க்காட்டுக் கரட்டுக் குன்றின்மேல் எழுதப்பட்டிருக்கிறது. உலக வாணிகத்தின் ஒரு நுனி அந்தத் துறவியரின் பாறைக் குடிலையும் தொட்டிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வேலூருக்கு வடக்கே வள்ளிமலை. முருகன் வள்ளியைக் கண்ட மலை என்று பக்தர்கள் திரளாகச் செல்லும் தலம். அதன் மற்றொரு பக்கத்தில் சமணக் குகையும் பாறைச் சிற்பங்களும் இருக்கின்றன. கங்க மன்னன் இராசமல்லன் இந்த மலையின் சிறப்பைக் கண்டு பள்ளியை அமைத்தான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. கங்கர் மேல்நாட்டார்; மைசூர்ப் பக்கத்தவர். மேல்நாட்டு மன்னன் கீழ்நாட்டு மலையில் பள்ளி எடுக்கிறான். பாண மன்னனுக்குக் குருவாக இருந்தவரின் உருவமும் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. மேலும் கீழும் மக்கள் வந்துபோகும் வழி இல்லாமல் இது நிகழ்ந்திருக்குமா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உலகத்தைத் துறந்தவர்கள் ஏன் பெருவழிக்கு அருகே வந்து தங்கினார்கள்? துறவிக்கும் வணிகனுக்கும் என்ன உறவு?

விடை மிகவும் நடைமுறையானது. சமண முனிவர் ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதில்லை, நடந்துகொண்டே இருப்பவர். மழைக்காலத்தில் மட்டும் சிற்றுயிர்களை மிதித்துவிடாதிருக்க ஓரிடத்தில் தங்குவார். ஆதலின் அவருக்கு மூன்று வேண்டும்: மழைக்கு ஒதுங்க ஒரு பாறை, குடிக்க ஒரு சுனை, பிச்சை ஏற்க நடந்து போகும் தொலைவில் ஓர் ஊர். வணிகருக்கும் இவையே வேண்டும். ஆகவே ஒரே இடத்தை இருவரும் நாடினர். மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பு எழுதப்பட்ட தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. அங்கே கொடை கொடுத்தவர்கள் யார் தெரியுமா? உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன். உப்பும் துணியும் இரும்பும் வெல்லப்பாகும் விற்றவர்கள் துறவியர்க்குக் கொடை அளித்திருக்கின்றனர். மராட்டிய நாட்டில் நாணேகாட் கணவாயின் உச்சியில் சாதவாகனரின் குகையும் கல்வெட்டும் இருக்கின்றன. சீன நாட்டில் பாலைவன விளிம்பில் துன்ஹுவாங் குகைகள், பட்டு வழியில் சென்ற வணிகரின் கொடையாலும் வளர்ந்தன. மனித இயல்பு எங்கும் ஒன்றே. ஆபத்தான வழியைக் கடக்கப் போகிறவன் ஒரு நல்லவர் வாழும் இடத்தில் கொஞ்சம் பொருளை வைத்துவிட்டுப் போகிறான். கடந்து வந்தவன் நன்றியோடு இன்னும் கொஞ்சம் வைக்கிறான்.

இனி, நான் நேரில் கண்ட ஆர்மாமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அண்மையில் மலையாம்பட்டு என்னும் சிற்றூர். அதை ஒட்டிய மலையில் அந்தக் குகை இருக்கிறது. வெயில் ஏறுமுன் புறப்பட்டோம். வழி காட்டியவர் ஆடு மேய்க்கும் முதியவர். "பெரியவரே, அந்தக் காலத்து வழி எது என்று உமக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்கு இன்னா தெரியும் ஐயா! ஆடு தண்ணி தேடிப் போவும். நான் பின்னாலே போவேன். அந்தக் காலத்து ஆளுங்களும் அப்படித்தான் போயிருப்பாங்க" என்றார். பல நூல்களைப் புரட்டி நான் அறிந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

குகை பெரியது, இயற்கையாக அமைந்தது. 8ஆம் நூற்றாண்டளவில் இதனைச் சமணப் பள்ளியாக ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே சுடாத மண்கல்லால் சுவர் எழுப்பிய சுவடுகள் தெரிகின்றன. மேற்கூரைப் பாறையில் சுண்ணச் சாந்து பூசி ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். சித்தன்னவாசல் ஓவியங்களோடு ஒப்பிடத் தக்கவை என்று அறிஞர் கூறும் ஓவியங்கள் இவை. திசைக் காவலர் தத்தம் ஊர்திகளில் அமர்ந்த கோலமும் தாமரைக் கொடியும் இங்கே தீட்டப்பட்டிருந்தன. 'தீட்டப்பட்டிருந்தன' என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். இப்போது காண்பவை பெரும்பாலும் நிறத் துணுக்குகளே. ஓரிடத்தில் செம்மை, ஓரிடத்தில் பசுமை, ஒரு கோட்டின் வளைவு. அந்த வளைவு தாமரையிதழா, ஆடையின் விளிம்பா என்று நாங்கள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தோம். பிடரி நோவுதான் மிச்சம்.

அங்கே நின்றபோது எனக்குள் வேறொரு நினைவு எழுந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையுடையது ஆகாது. பள்ளிப் பருவத்தில் ஆசிரியரோடு மலைக்குகை ஒன்றுக்குச் சுற்றுலா சென்றோம். எந்தக் குகை என்பது இங்கே வேண்டா. ஆசிரியர் வெளியே கட்டுச்சோற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் வெள்ளையாக இருந்த ஓரிடத்தில் என் பெயரையும் வகுப்பையும் எழுதினேன். நண்பர்கள் கைகொட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே குகைக்கு மீண்டும் சென்றேன். வெட்கத்தோடு என் பெயரைத் தேடினேன். கிடைத்தால் யாரும் அறியாமல் துடைத்துவிடலாம் என்ற எண்ணம். பெயர் இல்லை. பெயர் எழுதிய சுண்ணப் பூச்சே அங்கே இல்லை. உதிர்ந்து, கரும்பாறை தெரிந்தது. நான் எழுதிய அந்த வெள்ளை இடம், பழங்காலத்து ஓவியத்துக்குப் பூசிய சாந்து என்பதை அதன் பின்னரே நான் அறிந்தேன். அதில் என்ன ஓவியம் இருந்தது என்று இனி எவராலும் சொல்ல இயலாது. மழையும் காற்றும் வௌவாலும் அதற்குக் காரணமாகலாம். ஆயினும் என் கையும் அங்கே இருந்தது.

இதை மருமகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. இறங்கி வரும்போது, வழியில் யாரோ குவித்து வைத்திருந்த கரித்துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு நடந்தான்.

நேயர்களே, பழைய வழியில் நடப்போருக்காக நம் முன்னோர் செய்துவைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். சாவடி கட்டினார்கள், சத்திரம் வைத்தார்கள், தண்ணீர்ப் பந்தல் அமைத்தார்கள். வழியோரத்தில் இரண்டு கற்களை நட்டு, குறுக்கே ஒரு கல்லை வைத்த சுமைதாங்கியை நீங்கள் கண்டிருப்பீர்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். அவள் இறக்கி வைக்க இயலாமற்போன சுமையை எண்ணி, வழிப்போக்கர் தம் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்லை நட்டார்கள். பெருவழியின் பண்பாடு முழுவதும் அந்த ஒரு கல்லில் அடங்கியிருக்கிறது.

அவற்றுள் தலையாயது தண்ணீர். அதனை இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு நன்கு அறியும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. அதன் நீர் மணலுக்கு அடியில் ஓடும். அந்த ஊற்று நீரையும் ஆவாரம்பட்டையையும் துணையாகக் கொண்டே இங்கே தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் உலகச் சந்தைக்குச் சென்றது. ஆயிரமாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. ஆனால் இரசாயனக் கழிவும் ஆற்றில் கலந்தது, கிணறுகள் கெட்டன. மக்கள் நீதி கேட்டுச் சென்ற வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளுள் ஒன்றாகச் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. குகைச் சுவரில் சிறுவன் எழுதிய கரியும் ஆற்றில் பெரியவர்கள் கலந்த கழிவும் தம்முள் அளவால் வேறு, மனப்போக்கால் வேறல்ல. எனக்குப் பின்னும் ஒருவன் இவ்வழியே வருவான் என்பதை மறந்த மனப்போக்கு அது.

இனி, ஜோலார்பேட்டைக்கே திரும்புவோம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை மாநகரின் ஏரிகள் வறண்டன. அந்த ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு புகைவண்டி சென்னைக்குப் புறப்பட்டது. அதில் பயணிகள் இல்லை. 50 தொட்டி வண்டிகளில் தண்ணீர் இருந்தது. ஒரு நடைக்கு ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் காவிரி நீர். சில மாதங்கள் அந்த வண்டி ஓடியது. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உமணர் உப்பைக் கொண்டுவந்த அதே பள்ளத்தாக்கின் வழியாக, உள்நாட்டிலிருந்து கடற்கரைக்குத் தண்ணீர் சென்றது. ஜோலார்பேட்டை அன்று மீண்டும் ஒரு தாவளம் ஆயிற்று. அந்த வண்டியே இக்காலத்துச் சாத்து.

மருமகன் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. பாதை இங்கே ஏன் பிரிகிறது? மலைகள் இங்கே வழிவிடுகின்றன, ஆகையால் மனிதரும் விலங்கும் வண்டியும் என்றும் இங்கே வந்து பிரிந்தனர், இனியும் பிரிவர்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய இடங்களைக் காண நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. உங்கள் ஊருக்கு அருகே உள்ள குன்றிலிருந்தே தொடங்குங்கள். புறப்படுமுன் ஊர்ப் பெரியவரிடம் பாறைகளின் பெயரையும் சுனைகளின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனியே செல்லாதீர்கள், குடிநீர் கொண்டுசெல்லுங்கள். கல்வெட்டைக் கண்டால் அதன்மேல் சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பாருங்கள், எழுத்து தானே எழுந்து நிற்கும். ஓவியத்தைத் தொடாதீர்கள், கை ஈரமும் அதற்குப் பகை. கண்டதை வரைந்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நடுகல்லும் பாறை ஓவியமும் பலவாறாக இப்படிச் சாதாரண மக்கள் கண்டு சொன்னதால் வெளிவந்தவையே. கல்லுடைப்போரின் வெடி ஒரு குன்றைச் சில மாதங்களில் இல்லாமற் செய்துவிடும். அதற்குள் அங்கே என்ன இருந்தது என்று எழுதிவைக்க ஒருவராவது வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

அடுத்த முறை ஜோலார்பேட்டையில் வண்டி நிற்கும்போது, விழித்திருந்தால் ஜன்னல் வழியே ஒரு கணம் வெளியே பாருங்கள். இருளில் மலைகளின் நிழல் தெரியும். அவற்றின் இடையே வண்டி அச்சின் ஒலியும் பொதிமாட்டின் மணியும் ஒரு காலத்தில் சென்றன. மேலே ஏதோ ஒரு குகையில், மழைக்கு ஒதுங்கிய துறவி ஒருவர் விழித்திருந்து அந்த ஓசையைக் கேட்டிருப்பார். வழியில் செல்வோர் நலமாகச் சென்று சேரட்டும் என்று அவர் எண்ணியிருப்பார். நமக்கு முன்னே நடந்தவர்கள் நமக்காகக் கல்லில் குழி வெட்டி வைத்தார்கள். நமக்குப் பின்னே வருவோருக்கு அந்தக் கல்லை அப்படியே விட்டுச் செல்வது நம் கடன்.